மேலிருந்து பார்த்தால் யாரும் தெரிவதில்லை

போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு கருத்தரங்கு. ஆளுக்கு ஒரு ஓவியத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பேச வேண்டும். முக்கால்வாசிப் பேர் வான்கோ, பிக்காசோ, ரவிவர்மா என்று எடுத்துக்கொண்டார்கள். நான் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டுமே என்று ஒரு போர் ஓவியத்தை எடுத்தேன். பத்து நிமிடப் பேச்சு முக்கால் மணி நேரச் சண்டையாக முடிந்தது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஓவியத்தின் பெயர் 'டிசம்பர் எட்டாம் தேதியின் பேர்ல் ஹார்பர்'. வரைந்தவர் சுகுஹாரு ஃபுஜிட்டா. வருடம் 1942. அகலம் மட்டும் இரண்டரை மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு சுவர். ஜப்பானியக் கடற்படை விமானிகள் அமெரிக்கப் போர்க்கப்பல்களைத் தாக்குகிற காட்சி. ரொம்ப உயரத்திலிருந்து பார்ப்பது போல வரைந்திருக்கிறார். கீழே துறைமுகம், வரிசையாகக் கப்பல்கள், குண்டும் டார்பீடோவும் விழுந்த இடங்களில் தூண் தூணாக எழும்பும் வெள்ளைத் தண்ணீர், புகை, பூச்சிகள் மாதிரி பறக்கும் விமானங்கள். ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்: பார்க்க அழகாக இருக்கிறது. பிரச்சினையே அதுதான்.

முதலில் தலைப்பைப் பாருங்கள். பேர்ல் ஹார்பர் என்றதும் உலகம் முழுக்கச் சொல்லும் தேதி 1941 டிசம்பர் 7. ஹவாயில் அன்று ஞாயிற்றுக்கிழமை காலை 7.55. ஆனால் அந்த நேரத்தில் டோக்கியோவில் டிசம்பர் 8 விடிகாலை ஆகிவிட்டது. ஆக, அடிபட்டவனின் கடிகாரத்தில் ஒரு தேதி, அடித்தவனின் கடிகாரத்தில் இன்னொரு தேதி. ஃபுஜிட்டா எந்தக் கடிகாரத்தைப் பார்த்து வரைந்தார் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. ஓவியத்துக்குள் போவதற்கு முன்பே நாம் விமானத்தில் ஏற்றப்பட்டுவிடுகிறோம்!

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இரண்டு அலைகளாக 350-க்கும் அதிகமான விமானங்கள் கிளம்பின. அந்தத் துறைமுகத்தில் ஆழம் குறைவு, சுமார் 12 மீட்டர்தான். விமானத்திலிருந்து போடும் டார்பீடோ சாதாரணமாக அதைவிட ஆழமாக மூழ்கி அடியில் சேற்றில் குத்திக்கொள்ளும். அதனால் டார்பீடோவுக்கு மரத்தில் துடுப்பு மாதிரி ஒன்றைப் பொருத்தினார்கள். அது தண்ணீரில் மோதியதும் கழன்றுவிடும், டார்பீடோ ஆழம் போகாமல் நேராக ஓடும். பொறியியல் படிக்கிற நண்பர்கள் இதைக் கேட்டு "சூப்பர்டா" என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன்.

எட்டு போர்க்கப்பல்கள் அடிபட்டன. இறந்தவர்கள் 2,403 பேர். அதில் அரிசோனா என்ற ஒரே கப்பலில் மட்டும் 1,177 பேர். ஒரு குண்டு தளங்களைத் துளைத்துக்கொண்டு போய் வெடிமருந்து அறையைப் பற்றவைத்தது. அந்தக் கப்பல் இன்னும் அதே இடத்தில் கிடக்கிறது. இன்றைக்கும் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசிந்துகொண்டிருக்கிறது. தாக்க வந்தவர்களில் இறந்தவர்கள் 64 பேர்.

இப்போது மறுபடியும் ஓவியத்தைப் பாருங்கள். 2,403 பேரில் ஒருவரையாவது தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டார்கள். கப்பல் தெரிகிறது, தண்ணீர்த் தூண் தெரிகிறது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் பற்றி எரிய, அதில் நீந்திய பையன்கள் இல்லை. அவர்களில் நிறையப் பேருக்கு நம் வயது. கவிழ்ந்த ஒக்லஹோமா கப்பலுக்குள் மாட்டிக்கொண்டு உள்ளிருந்து இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. ஃபுஜிட்டா பொய் சொல்லவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் யாரும் தெரியமாட்டார்கள்தான். ஆனால் அந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

இறந்தவர்களில் 68 பேர் பொதுமக்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. அமெரிக்கர்களே வானத்தை நோக்கிச் சுட்ட பீரங்கிக் குண்டுகள் திரும்ப ஊருக்குள் விழுந்து செத்தவர்களும் அதில் உண்டு. அப்போது ஹவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஜப்பானிய வம்சாவளி மக்கள். கரும்புத் தோட்டக் கூலிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள். தங்கள் பூர்வீக நாட்டு விமானம் தங்கள் தலைக்கு மேலேயே வந்ததை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? இந்த ஓவியத்தில் அந்த ஊரே ஒரு ஓரம்தான்.

பத்தாவது ஆள் எங்கே?

காட்டாமல் விடுவது என்ற கலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே நாளிலிருந்து இன்னொரு உதாரணம். அன்று விமானங்களோடு ஐந்து குட்டி நீர்மூழ்கிகளும் போயின. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஐந்தும் திரும்பவில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியக் கடற்படை அந்த வீரர்களைப் 'போர்க்கடவுள்கள்' என்று அறிவித்தது. எத்தனை பேரை? ஒன்பது பேரை.

ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து. இரண்டாம் வகுப்புக் கணக்கு. பத்தாவது ஆளான கசுவோ சகாமாகி சாகவில்லை. கரை ஒதுங்கி, அமெரிக்கர்களிடம் பிடிபட்டு, அவர்களுடைய முதல் ஜப்பானியப் போர்க்கைதி ஆனார். உயிரோடு பிடிபட்டது அவமானம் என்று அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒன்பது படங்கள் மட்டும் நாடு முழுக்கப் போயின. அந்த மனிதர் போருக்குப் பிறகு ஊர் திரும்பி, ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்து, 1999 வரை வாழ்ந்தார். கடவுளானவர்கள் ஒன்பது பேர், மனிதனாக மிஞ்சியவர் ஒருவர். எது மேல் என்று எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும்.

யார் இந்த ஃபுஜிட்டா?

ஏதோ அரசாங்கம் கைகாட்டிய மூன்றாந்தரப் போஸ்டர் ஓவியர் என்று நினைத்துவிடாதீர்கள். 1913-இல் பாரிசுக்குப் போய், 1920-களில் அந்த ஊரையே கலக்கியவர். பால் மாதிரி வெண்மையான பின்னணி, மயிரிழைக் கோடுகள், பெண்கள், பூனைகள். அவருடைய பூனைகளுக்காகவே ரசிகர்கள் உண்டு. அப்பா ராணுவத்தில் பெரிய மருத்துவ அதிகாரி. 1930-களில் ஊருக்குத் திரும்பினார். போர் வந்ததும் ராணுவமும் கடற்படையும் ஓவியர்களைக் கூப்பிட்டு, போர் நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் பெரிய ஓவியங்களை வரையச் சொன்னன. ஃபுஜிட்டா முன்வரிசையில் நின்றார்.

பேர்ல் ஹார்பரை அவர் நேரில் பார்க்கவில்லை. புகைப்படங்களை வைத்து வரைந்தது. 1942 டிசம்பரில், தாக்குதலுக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, பெரிய கண்காட்சியில் வைத்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேர்ல் ஹார்பருக்கு விமானங்களை அனுப்பிய ஆறு தாய்க்கப்பல்களில் நான்கு (அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு) அந்த டிசம்பரில் கடலுக்கடியில் கிடந்தன. ஆறு மாதம் முன்பு, 1942 ஜூனில், மிட்வே சண்டையில் அமெரிக்க விமானங்கள் அவற்றை மூழ்கடித்துவிட்டன. 3,000-க்கும் மேற்பட்ட ஜப்பானியர் அதில் செத்தார்கள். அரசாங்கம் தன் மக்களிடம் அந்தத் தோல்வியை மறைத்துவிட்டது. அந்தக் கண்காட்சியில் நின்று வெற்றியை ரசித்தவர்களில் எத்தனை அம்மாக்களின் பிள்ளைகள் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்களோ! ஓவியம் அவர்களுக்குப் போன வருடத்தைக் காட்டியது. இந்த வருடத்தை மறைத்தது.

ஜெயித்தவர்கள் மட்டும் என்ன?

"ஜப்பான்காரன் அப்படித்தான்" என்று ஒரு நண்பன் சொன்னான். அவனுக்கு இது. அமெரிக்கக் கடற்படையிலும் போர் ஓவியர்கள் இருந்தார்கள். கிரிஃபித் பெய்லி கோல் என்பவர் மிட்வே சண்டையை வரைந்திருக்கிறார். அமெரிக்க விமானங்கள் மேலிருந்து பாய, கீழே ஜப்பானியக் கப்பல்கள் எரிகிற காட்சி. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடி மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை. அங்கேயும் கப்பல்தான் எரிகிறது. காகாவில் மட்டும் 800-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அவர்களில் ஒருவரும் முகத்தோடு இல்லை.

எனவே இது ஜப்பான், அமெரிக்கா விவகாரம் இல்லை. கப்பலைத் தாக்குகிற விமானியை வரையும்போது ஓவியனும் விமானியின் இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறான். பார்க்கிற நாமும் அவனோடு உட்கார்ந்துவிடுகிறோம். கப்பல் என்பது ஆள் இல்லாத இரும்பு என்று நம் மனசு தானாக எடுத்துக்கொள்கிறது. 'கப்பல் மூழ்கியது' என்றுதான் சொல்கிறோம், ஆயிரம் பேர் மூழ்கினார்கள் என்று சொல்வதில்லை.

எங்கள் வீட்டு டிசம்பர் எட்டு

வகுப்பில் சண்டை எதில் வந்தது என்றால், இந்த மாதிரி ஓவியங்களை அருங்காட்சியகத்தில் மாட்டலாமா கூடாதா என்பதில். நான் 'கூடாது' கட்சி. கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதே டிசம்பர் 8 அன்று, பேர்ல் ஹார்பருக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே, ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானியக் கடற்படை விமானங்கள் குவாந்தான் அருகே மூழ்கடித்தன. 840 பேர் இறந்தார்கள். கடலில் ஓடிக்கொண்டிருந்த, திருப்பிச் சுடுகிற நிலையில் இருந்த பெரிய போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது அதுதான் முதல் முறை. அதற்கும் ஜப்பானில் ஓவியம் உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. சிங்கப்பூரின் கடைசி நாளையும் ஃபுஜிட்டா வரைந்திருக்கிறார்.

என் தாத்தா பிறந்தது மலாயாவில், கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருக்கு மூன்று வயது இருக்கும்போது அவர் அப்பாவை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், காட்டுக்குள். காலராவிலும் பட்டினியிலும் செத்த தமிழர்கள் பல்லாயிரம். தாத்தாவின் அப்பா திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு போட்டோகூட இல்லை. திதி கொடுக்கத் தேதி தெரியாததால் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குத்தான் கொடுக்கிறோம்.

அதனால்தான் எனக்கு அந்த ஓவியத்தைப் பார்த்தால் எரிந்தது. அந்தக் காலை வெற்றியில் ஆரம்பித்தது எங்கள் வீட்டில் வந்து முடிந்தது. இதைப் போய் 'கலை' என்று வெளிச்சம் போட்டு மாட்டுவார்களா?

கருத்தரங்கு முடிந்த வாரம் ஊருக்குப் போனபோது பிரிண்ட் எடுத்த படத்தைத் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல மேல இருந்துல்ல காட்டிருக்கான். எங்கம்மா சொன்னதெல்லாம் கீழ இருந்து. சத்தம் கேட்டா என்னத் தூக்கிட்டு ரப்பர் மரத்தடிக்கு ஓடுவாளாம்" என்றார். கிழித்துப் போட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். இல்லை. "பத்திரமா வையி. இவன் இப்படிப் பாத்தான்னு தெரிய வேண்டாமா?" என்றார்.

வகுப்பில் முக்கால் மணி நேரம் கத்தியும் மாறாத என் கருத்து அந்த ஒரு வரியில் மாறிவிட்டது.

என் கருத்து

மாட்ட வேண்டும். ஒளித்து வைக்கக் கூடாது.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் இந்த மாதிரி 153 ஓவியங்களைக் கைப்பற்றினார்கள். 1951-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1970-இல் 'காலவரையற்ற கடன்' என்று ஒரு விசித்திரமான பெயரில் டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகும் நெடுங்காலம் ஒன்றிரண்டாகத்தான் வெளியே எடுத்தார்கள். தன்னிடமுள்ள ஃபுஜிட்டாவின் 14 போர் ஓவியங்களையும் அந்த அருங்காட்சியகம் ஒன்றாகக் காட்டியது 2015-இல்தான். போர் முடிந்து 70 வருடம்!

ஒளித்து வைப்பதால் யாருக்கு லாபம்? போருக்குப் பிறகு ஜப்பானிய ஓவியர்கள் எல்லாப் பழியையும் ஃபுஜிட்டா தலையில் கட்டப் பார்த்தார்கள். அவர் 1949-இல் நாட்டை விட்டே போய்விட்டார், 1955-இல் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார், 1968-இல் இறக்கும்வரை திரும்பவில்லை. அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டதை விருப்பத்தோடு வரைந்தார். ஆனால் அவரை அனுப்பிவிட்டு, ஓவியத்தைக் கிடங்கில் பூட்டிவிட்டால், அதைக் கூட்டம் கூட்டமாகப் போய் ரசித்தவர்கள் கேள்வியே இல்லாமல் தப்பித்துவிடுகிறார்கள்.

எதிர்க்கட்சி நண்பர்களின் கேள்வி நியாயமானது: "இதைப் பார்த்து இன்னொரு தலைமுறைக்கு வெறி ஏறாதா?" ஏறலாம். தனியாக மாட்டினால் ஏறும். அதனால்தான் எப்படி மாட்டுவது என்பது முக்கியம்.

அதற்கு வழியை ஃபுஜிட்டாவே வைத்திருக்கிறார். 1943-இல் அவர் இன்னொரு ஓவியம் வரைந்தார், ஆட்டு தீவில் ஜப்பானியப் படை அழிந்ததைப் பற்றி. அதில் வானம் கிடையாது, விமானம் கிடையாது. மனிதர்கள், மனிதர்கள் மேல் மனிதர்கள். எவன் ஜப்பானியன், எவன் அமெரிக்கன் என்று பிரித்துப் பார்க்கவே கஷ்டப்பட வேண்டும். திறந்த வாய், பயனெட், பிணம். மக்கள் அதன் முன்னால் கைகூப்பி நின்றார்கள் என்று சொல்வார்கள். அதுவும் பிரச்சாரத்துக்குத்தான் பயன்பட்டது. ஆனால் ஒரே வருடத்தில் அதே கை வானத்திலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. அடிக்கும்போது மேலிருந்து, அடிபடும்போது பக்கத்திலிருந்து. இரண்டையும் எதிரெதிர்ச் சுவரில் மாட்டுங்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறவனுக்குப் போர் என்றால் என்ன என்று வாத்தியார் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பலகை: இந்தச் சட்டத்துக்குள் இறந்தவர்கள் இத்தனை பேர், இது காட்டப்பட்ட நாளில் மறைக்கப்பட்ட செய்தி இது. போதும்.

இதெல்லாம் 80 வருடப் பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கைப்பேசியில் வந்து விழும் ட்ரோன் தாக்குதல் வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து ஒரு கப்பல், ஒரு கட்டடம், ஒரு வண்டி. நடுவில் ஒரு குறி. சத்தமில்லாத ஒரு வெள்ளை வெளிச்சம். பின்னணி இசை போட்டு ஃபார்வர்டு செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். ஃபுஜிட்டாவுக்காவது ஒரு சுவர் அகலத்துக்கு உட்கார்ந்து வரைய வேண்டியிருந்தது. நமக்கு ஒரு விரல் போதும்.

அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: கேமரா எங்கே இருக்கிறது? மேலே என்றால், கீழே யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். படத்தில் தெரியாது, அவ்வளவுதான்.

பிரிண்ட் எடுத்த படம் இப்போது தாத்தாவின் அலமாரியில், அவருடைய அம்மா கொண்டுவந்த பழைய தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. பத்திரமாக.